வெள்ளி காலை உருவ வேண்டாம்

தலைச்சோலை
20-6-1986

வெள்ளையம்மாள் அக்கா அவர்களுக்கு மாதப்பன் எழுதுவது.

ஏழு வருஷம் கழித்து எழுதுகிறேன். நானாக எழுதவில்லை. என் வீட்டுக்காரி ராசாத்தி மூன்று நாளாகச் சோற்றுத் தட்டோடு ஒரு இன்லேண்டு காகிதத்தையும் கொண்டுவந்து வைக்கிறாள். "உங்கக்காளுக்கு எழுதுனாத்தான் கொழம்பு ஊத்துவனுங்க" என்கிறாள். கால் உடைந்து கிடப்பவன் எழுந்து போய் ஊற்றிக்கொள்ள முடியுமா? அதனால் எழுதுகிறேன்.

இந்த மாதம் இரண்டாம் தேதி, நம் காப்பித் தோட்டத்தில் நிழல் மரம் கவாத்து செய்ய சில்வர் ஓக்கில் ஏறினேன். மழை பெய்து கிளையெல்லாம் ஈரம். கத்தி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் விழுந்தோம். கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இடது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டது. எஸ்டேட் ரைட்டர் கோவிந்தராஜ் ஜீப் பிடித்துச் சேலத்துக்குக் கொண்டுபோனார். தொடை வரைக்கும் மாவுக் கட்டு போட்டார்கள். இரண்டு வாரம் வார்டில் இருக்கச் சொன்னார்கள். முடியாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவும் கால் உடைந்துதான் போனார். நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்து, காலில் எடை கட்டி, ஆறு வாரம் அசையவிடாமல் படுக்கவைத்தீர்கள். வீட்டுக்கு வந்த மறுநாளே கதை முடிந்தது. அன்றைக்கு எழவு வீட்டில் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. வாபஸ் வாங்கவும் இல்லை.

ராசாத்திக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டுமாம். எத்தனை வாரத்தில் காலை ஊன்றலாம்? ஒரு கார்டில் எழுதினால் போதும்.

மாதப்பன்

*

பம்பாய், மாட்டுங்கா
26-6-1986

கண்ணு மாதப்பா,

'அக்கா அவர்களுக்கு' என்று எழுதியிருக்கிறாய். 'உங்களுக்கு', 'நீங்கள்'. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தலைச்சோலை முழுக்கச் சுற்றினவள் நான். 'ஏ வெள்ளை' என்று என் பின்னலைப் பிடித்து இழுத்தவன் நீ. எழவு வீட்டில் 'எங்கப்பனைக் கொன்னவ இந்த ஊட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது' என்றாயே, அப்போதுகூட 'நீ' என்றுதான் சொன்னாய். அந்த வசவைவிட இந்த மரியாதை எனக்கு அதிகமாக வலிக்கிறது. இருக்கட்டும்.

உன் கேள்விக்குப் பதில்: குறைந்தது பன்னிரண்டு வாரம். அதற்கு முன்னால் ஊன்றினால் நானே ரயில் ஏறி வந்து அடுத்த காலையும் உடைப்பேன்.

இனி நான் எழுதுவதை அக்கா எழுதியதாக நினைக்காதே. பதினெட்டு வருஷம் எலும்பு வார்டில் நின்ற நர்ஸ் எழுதியதாக நினைத்துப் படி. எலும்பு எப்படியும் ஒட்டிவிடும். எனக்கு அதைப் பற்றிப் பயமில்லை. உடைந்த பிறகு வருகிற வாரங்கள்தான் எனக்குப் பயம். போன வருஷம் என் வார்டில் ஒரு மில் தொழிலாளி இருந்தார். உன் வயது, உனக்கு உடைந்த அதே எலும்பு. ஐந்தாவது வாரம் "நாளைக்கு வீட்டுக்குப் போறேன் சிஸ்டர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். குளியலறைக்குப் போக எழுந்து நான்கு அடி வைத்தார். மூச்சு முட்டி அப்படியே சரிந்தார். டாக்டர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அசையாத காலில் ரத்தம் உறையும், மாதப்பா. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு மேலே ஏறினால் நெஞ்சில் போய் அடைத்துக்கொள்ளும். வயசானவர்களுக்குத்தான் வரும் என்று எண்ணாதே.

அதனால் மரக்கட்டை மாதிரிக் கிடக்காதே. கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்களை மணிக்கு ஒருதரம் ஆட்டு. நல்ல காலை மடக்கி நீட்டு. உட்கார். தண்ணீர் நிறையக் குடி. கெண்டைக்கால் வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே சேலம் போய்விடு.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரிப்பார்கள். அன்று ஒரு வேலை செய். முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் தள்ளிக் கெண்டைக்காலைச் சுற்றி நூல் பிடித்து வெட்டு. நல்ல காலுக்கு வெள்ளை நூல், உடைந்த காலுக்குக் கறுப்பு நூல். இரண்டையும் கவரில் போட்டு எனக்கு அனுப்பு. உன் கண்ணை நான் நம்ப மாட்டேன், நூலை நம்புவேன்.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் சொல்லப் போவதில்லை. இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதினேன், அடித்துவிட்டேன். கீழே மை பூசியிருக்கிறதே, அதுதான். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

என் மகள் அமலிக்கு ஆறு வயது ஆகிறது. மாமா எப்படி இருப்பார் என்று கேட்கிறாள். மரத்திலிருந்து விழுவார் என்று சொல்லியிருக்கிறேன்.

வெள்ளையம்மாள்

*

தலைச்சோலை
7-7-1986

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. நீங்கள் அடித்த இடத்தை ராசாத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மை செலவழிக்கத்தான் எழுதினீர்களோ என்னவோ.

முதலில் திட்டு வாங்கிக்கொள்கிறேன். மாவுக் கட்டைப் பிரித்தாகிவிட்டது. ஆறு வாரம் ஆகவில்லை, நாலரைதான். உள்ளே அரிப்பு தாங்கவில்லை. எறும்புப் புற்றில் காலை விட்ட மாதிரி இருந்தது. ஐயாக்கண்ணுவைக் கூப்பிட்டுவிட்டேன். இந்த மலையில் யாருக்குக் கை கால் முறிந்தாலும் அவர்தானே கட்டுகிறவர். அறுத்து எடுத்துவிட்டு, உடைந்த இடத்தில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். எலும்பு நேராகப் பிடித்திருக்கிறதாம். சேலத்து டாக்டரைக்கூடக் கொஞ்சம் பாராட்டினார்.

நீங்கள் சொன்னபடி நூல் பிடித்து அளந்து இதில் வைத்திருக்கிறேன். வெள்ளை நல்ல கால், கறுப்பு உடைந்த கால். கறுப்பு கொஞ்சம் நீளம்தான். கெண்டைக்கால் வீங்கி மினுமினு என்று இருக்கிறது. தொட்டால் சுடுகிறது. ஐயாக்கண்ணு அமுக்கிப் பார்த்துவிட்டு, "ரத்தங் கட்டிக் கெடக்குது கண்ணு. வெளக்கெண்ணெயக் காச்சி மேல் மொகமா நாலு உருவு உருவுனா ஒடைஞ்சு ஓடிப்போயிரும்" என்றார். அவருக்குக் கல்வராயன் மலைப் பக்கம் ஒரு இடுப்பு முறிவு காத்திருக்கிறது. போய்விட்டுப் பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை வந்து உருவிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பொறுத்துக்கொள்கிறேன்.

மூச்சு வாங்கினால் சேலம் போ என்று எழுதியிருந்தீர்கள். வாங்கவில்லை. வியாழக்கிழமையிலிருந்து வலது விலாவில் மூச்சுப் பிடிப்பு, அவ்வளவுதான். கட்டிலில் கோணலாகப் படுத்ததில் பிடித்திருக்கும். மூச்சை இழுத்து விட்டால் சுருக் என்கிறது. அது வேறு, இது வேறு என்று எனக்குத் தெரியாதா? நேற்று இருமலில் கொஞ்சம் சிவப்பாக வந்தது என்று ராசாத்தி ஒரு ஆட்டம் ஆடினாள். வெற்றிலை போடுகிறவன் துப்பினால் வெள்ளையாகவா வரும்? ஐயாக்கண்ணு வரும்போது விலாவையும் சேர்த்து உருவச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

ராசாத்திதான் தனியாகத் தோட்டத்தையும் பார்த்து என்னையும் பார்க்கிறாள். அவள் அழுவதை நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

அமலிக்கு நீ சொன்னது சரி. மாமா மரத்திலிருந்து விழுவார். மறுபடியும் ஏறுவார் என்பதையும் சேர்த்துச் சொல்.

மாதப்பன்

*

பம்பாய், மாட்டுங்கா
12-7-1986, சனிக்கிழமை

மாதப்பா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பத்து மணிக்கு உன் கவர் வந்தது. இரண்டு நூலையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கறுப்பு மூன்று விரல் அதிகம். இதைக் 'கொஞ்சம் நீளம்' என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

இதைப் படித்து முடிக்கும் வரை எழுந்திருக்காதே. யாரையும் உன் காலில் கை வைக்க விடாதே. எண்ணெய் வேண்டாம், தைலம் வேண்டாம், உருவவே கூடாது. ரத்தம் கட்டியிருக்கிறது என்று ஐயாக்கண்ணு சொன்னது சரிதான். உருவினால் உடைந்து ஓடும் என்று சொன்னதும் சரிதான். எங்கே ஓடும் என்பதுதான் அவருக்குத் தெரியாது. நெஞ்சுக்கு ஓடும். உன் மூச்சுப் பிடிப்பு மூச்சுப் பிடிப்பே இல்லை. ஒரு சின்னத் துண்டு ஏற்கெனவே போய் உட்கார்ந்திருக்கிறது. நீ துப்பினது வெற்றிலை இல்லை, ரத்தம். பெரிய கட்டி இன்னும் காலில் இருக்கிறது. கட்டிலோடு தூக்கி ஜீப்பில் வைத்துச் சேலம் கொண்டுபோகச் சொல். நடக்காதே. மூன்று அடிகூட நடக்காதே.

எஸ்டேட் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டேன். ஏற்காடு லைன் மழையில் அறுந்து கிடக்கிறதாம். தந்தி ஆபீசுக்கு ஓடினேன். இங்கே தமிழ் எழுத்தை எடுக்க மாட்டார்கள். இங்கிலீஷில் அடித்தால் கோவிந்தராஜ் தன் இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்வார். அதனால் தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். 'வெள்ளி காலை உருவ வேண்டாம்.' நான்கே சொல். ஆஸ்பத்திரி என்ற பேச்சை அதில் எடுக்கவில்லை. எடுத்தால் கோபத்தில் முழுத் தந்தியையும் கிழித்துப் போடுகிறவன் நீ. முதலில் வெள்ளிக்கிழமை தப்பட்டும், மற்றது இந்தக் கடிதம் சொல்லட்டும் என்று விட்டேன். தந்தி எப்படியும் நாளை மறுநாள் கிடைத்துவிடும். இந்தக் கடிதம் என்றைக்கு வருமோ தெரியாது. நானே கிளம்பியிருப்பேன். அமலிக்கு அம்மை போட்டு நாலு நாள் ஆகிறது. அவள் அப்பா அந்தோணி ரயில்வே வேலையாக நாக்பூர் பக்கம் போயிருக்கிறார். காய்ச்சலில் கொதிக்கிற குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவேன்?

போன கடிதத்தில் நான் அடித்தது இதைத்தான். அடிக்காமல் விட்டிருந்தால் உனக்கு உருவக் கூடாது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும். அடித்தது என் கோழைத்தனம்.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள், பதினோரு மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். டூட்டிக்குத் திரும்ப வேண்டும். அப்பா கூப்பிட்டார். "கெண்டைக்கால் கல்லு மாதிரி இருக்குது சாமி, செத்த உருவிவுடேன்" என்றார். உட்கார்ந்து உருவினேன். பத்து நிமிஷம் இருக்கும். நான் நர்ஸ், மாதப்பா. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்போது எனக்கு அவர் அப்பா, நான் மகள், அவ்வளவுதான் தெரிந்தது. "சொகமா இருக்குது" என்று கண்ணை மூடிக்கொண்டார். நான் பஸ் ஏறினேன். சேலத்தில் இறங்கி டூட்டிக்குப் போனால் அங்கே எஸ்டேட் ஜீப்பில் ஆள் வந்து காத்திருந்தது.

எப்போதோ ஒரு டாக்டர் வகுப்பில் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்து, நான் செய்தது என்ன என்று புரிந்தது. 'எங்கப்பனைக் கொன்னவ' என்று நீ சொன்னபோது நான் வாயைத் திறக்காமல் போனேனே, பிறகு பம்பாய்க்கே ஓடிவந்தேனே, உன்மேல் கோபத்தால் என்று எல்லோரும் நினைத்தார்கள். நீ ஆஸ்பத்திரியைச் சொன்னாய். நான் என் கையை நினைத்தேன். இதை அந்தோணியிடம்கூடச் சொன்னதில்லை.

அதே வீட்டில் அதே கட்டிலில் நீயும் போகக் கூடாது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் வெறுத்துக்கொள். சேலம் போய்விட்டு வெறு.

வெள்ளையம்மாள்

*

தலைச்சோலை
18-7-1986, வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி

அக்கா,

உன் தந்தி செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கு இங்கே ஒரு மாநாடே நடந்தது. கோவிந்தராஜ் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். முதலில் "களை உருவ வேண்டாம்னு அடிச்சிருக்குதுங்க" என்றார். களையைப் பிடுங்காமல் விட்டால் காப்பி என்ன ஆகும், பம்பாய்க்குப் போய் எங்க அக்காளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று ராசாத்தியிடம் கேட்டேன். பிறகு கோவிந்தராஜே மறுபடியும் பார்த்துவிட்டுச் சொன்னார். "களை இல்லீங்க, காலை. வெள்ளி காலைல உருவ வேண்டாம்னு சொல்றாங்க. பத்தரைக்கு ராகு காலமுங்களே!"

எனக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை வருஷம் பம்பாயில் இருந்தும், சர்ச்சுக்குப் போகிற மாப்பிள்ளையைக் கட்டியும் ராகு காலத்தை மறக்கவில்லையே! ராசாத்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாருங்க, நாலு வார்த்தைல எத்தன பாசம்" என்றாள். ஐயாக்கண்ணு இன்றைக்குப் பத்தரைக்கு வந்துவிட்டார். நான் மறித்துவிட்டேன். எங்க அக்கா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், மூன்று மணிக்கு மேல் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன். குறித்து வைத்துக்கொள்.

வீக்கம் தொடை வரைக்கும் வந்துவிட்டது. இன்றைக்கு உருவினால் சரியாகிவிடும். மூச்சுப் பிடிப்பு பரவாயில்லை, பேசினால் மட்டும்தான் இரைக்கிறது. தபால்காரர் வருகிறார். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

மணி நாலே கால்.

அக்கா, ஜீப் வரும் வரைதான் எனக்கு நேரம். வேகமாக எழுதுகிறேன்.

தபால்காரர் கொண்டுவந்தது உன் கடிதம். கனமாக இருந்தது. சாவகாசமாகப் படிக்கலாம் என்று தலையணைக்கு அடியில் வைத்தேன். மூன்று மணிக்கு ஐயாக்கண்ணு வந்தார். எண்ணெய் சுடச்சுட இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வலிக்கும், கவனத்தை வேறு பக்கம் திருப்பு என்றார். அதனால் ராசாத்தியிடம் உன் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் அஞ்சாவது வரைதான் படித்தவள். ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துத்தான் வாசிப்பாள். அவசரமாக எழுதுகிறேன் என்று படித்தாள். நூலைப் பற்றிப் படித்தாள். ஐயாக்கண்ணு எண்ணெயை ஊற்றி இரண்டு கையாலும் கெண்டைக்காலைச் சுற்றிப் பிடித்துவிட்டார். அவர் கட்டைவிரல் அழுந்துவது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் அவள் "யா-ரை-யும் உன் கா-லில் கை வை-க்க" என்று கூட்டினாள். அதற்கு மேல் படிக்கவில்லை. கடிதத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து அவர் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள்.

"என்ன புள்ள இது?" என்றார் அவர்.

"உடுங்க மாமா. கைய எடுங்க. மெதுவா எடுங்க" என்று அலறினாள்.

மீதியை நான் உரக்கப் படித்தேன். ஓடும், நெஞ்சுக்கு ஓடும் என்ற இடம் வந்ததும் ஐயாக்கண்ணு என் காலை ஒரு பச்சைக் குழந்தையைக் கிடத்துவது போலக் கட்டிலில் கிடத்தினார். "நாப்பது வருசமா உருவறன் சாமி" என்றார். கையில் இருந்த எண்ணெயைத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். "எத்தன பேருக்குங்க உருவியிருப்பன்" என்று தனக்குத்தானே சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இப்போது அவர்தான் எஸ்டேட்டுக்கு ஓடியிருக்கிறார், ஜீப்பைக் கூட்டிவர.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை மட்டும் மனசுக்குள் படித்தேன். அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போவேன். வழியில் ஏதாவது ஆனால் உனக்குத் தெரியாமலே போய்விடும்.

நீ பஸ்ஸுக்குப் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். "வெள்ளை உருவுனது நொம்ப சொகமா இருந்துச்சு, நீயும் செத்த உருவு கண்ணு" என்றார். நான் உருவினேன், அக்கா. உன்னை மாதிரி பத்து நிமிஷம் இல்லை. அரை மணி நேரம், காப்பி மூட்டை தூக்குகிற இந்தக் கையால். தண்ணீர் கேட்டார். ராசாத்தி சொம்பைக் கொண்டுவருவதற்குள் மூச்சு முட்டி என் கையிலேயே போனார். எதனால் என்று எனக்குத் தெரியாது. என் கையில் போனார் என்பது மட்டும் தெரியும். அந்தப் பயத்தில்தான் ஆஸ்பத்திரி என்றும் நீ என்றும் கத்தினேன். வேறு யாராவது காரணமாக இருந்தால் தேவலை என்று இருந்தது.

ஜீப் வந்துவிட்டது. கவரை ஐயாக்கண்ணுவிடம் கொடுக்கிறேன்.

*

பம்பாய், மாட்டுங்கா
24-7-1986

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராஜின் தந்தி வந்தது. சேலத்தில் சேர்த்தாயிற்று, நிலைமை மோசம் என்று இருந்தது. அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. அந்தோணி இன்னும் திரும்பவில்லை, அமலியை விட்டு என்னாலும் கிளம்ப முடியவில்லை. இன்றைக்கு உன் கடிதம். வார்டு வராந்தாவில் நின்று படித்தேன். 'மூன்று மணிக்கு மேல் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்' என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். காலை! இத்தனை வருஷம் கால் கால் என்றே பிழைத்தவளுக்கு அந்தச் சொல்லுக்குக் காலைப் பொழுது என்றும் ஒரு அர்த்தம் இருப்பது தோன்றவில்லையே. இன்னும் ஒரு சொல் போட்டிருந்தால் போதுமே. ராசாத்தி எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளாக இல்லாமல், தாண்டித் தாண்டிப் படிக்கிறவளாக இருந்திருந்தால்? படிக்கவே தெரியாதவளாக இருந்திருந்தால்?

நீ உயிரோடு இருக்கிறாயா என்று தெரியாமலே இதை எழுதுகிறேன். இருந்தால் கேள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். ஈறில் ரத்தம் வந்தால் உடனே சொல். போகச் சொல்லும் வரை போகாதே. கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்கு நீயும் உருவினது நிஜமா? என் பாரத்தைக் குறைக்கச் சொன்னாயா? என் தலைமேல் சத்தியமாகச் சொல்.

வெள்ளை

*

தலைச்சோலை
29-8-1986

ஏ வெள்ளை,

நான் பிழைத்ததைக் கோவிந்தராஜ் அப்போதே ஒரு கார்டில் எழுதிவிட்டார் அல்லவா. 'நாளைக்கு வீட்டுக்குப் போகிறேன்' என்று ஆஸ்பத்திரியிலிருந்து எழுதலாம் என்றுதான் இருந்தேன். அப்படி எழுதினால் உனக்கு அந்த மில்காரர் ஞாபகம் வந்துவிடும். அதனால் வீட்டுக்கு வந்து சேர்ந்து, ராசாத்தி கையால் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

மலை இறங்கும்போது பன்னிரண்டாம் கொண்டை ஊசி வளைவில் எனக்கு மூச்சு போனது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஐயாக்கண்ணு என் தலையை மடியில் தூக்கிப் பிடித்தபடி, அடிவாரம் வரைக்கும் மலைச்சாமி சேர்வராயனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாராம். டாக்டர் பார்த்துவிட்டு, அந்தக் காலை இன்னும் நாலு தரம் உருவியிருந்தால் ஜீப்பே தேவைப்பட்டிருக்காது என்றார். ஐயாக்கண்ணு பக்கத்தில்தான் நின்றார். போன வாரம் கிளியூரில் ஒருத்தருக்குக் கால் முறிந்ததாம். மூங்கில் பத்தை கட்டிவிட்டு, கெண்டைக்கால் வீங்கினால் சேலத்துக்குப் போங்க, நான் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஆத்தூர்க்காரர் ஒருத்தர். தொடை எலும்பு. நல்ல வைத்தியம்தான் நடந்தது, ஒரு குறையும் இல்லை. செவ்வாய்க்கிழமை தலை சீவிக்கொண்டே என்னிடம் அவர் எருமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சீப்பு கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று திரும்பினேன். அவர் முகம் அன்றைக்கு அப்பா முகம் இருந்த மாதிரியே இருந்தது. யாரும் உருவவில்லை, அக்கா. எல்லாம் சரியாகச் செய்தும் போனார். அன்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். ஏழு வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன்.

நீ கேட்டதற்குப் பதில். நிஜம்தான். உன் தலைமேல் சத்தியம். நம்பாவிட்டால் வந்து ராசாத்தியைக் கேள், அந்தச் சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்தவள் அவள்தான். நீ உருவாமல் இருந்திருந்தாலும் நான் உருவியிருப்பேன். நாம் இரண்டு பேரும் உருவாமல் இருந்திருந்தாலும் அவர் போயிருக்கலாம். அவர் கேட்டார், நாம் பாசத்தில் செய்தோம். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இவ்வளவு நாள் ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகத் தூக்கினோம், இனி சேர்ந்து தூக்குவோம்.

வாசப்படி மிதிக்காதே என்று நான் சொன்னதற்கு மன்னிப்பு எழுதலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்து அடித்துவிட்டேன். நீ மட்டும்தான் மை பூசுவாயா? டிசம்பரில் காப்பி பழுக்கும். அமலியையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. வருகிற தேதியை மட்டும் தந்தி அடிக்காதே, கடிதம் எழுது.

கவரில் இரண்டு நூல் வைத்திருக்கிறேன். இரண்டும் வெள்ளை. எது எந்தக் கால் என்று முடிந்தால் கண்டுபிடி.

மாதப்பன்